வண்டிக்கு ஒயரிங் ரீகால் இருக்கான்னு நீங்களே பாக்குறது எப்படி

ரீகால்னா வண்டியவே திருப்பி எடுத்துக்குவாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லங்க, பெரும்பாலும் தப்பா வந்த பார்ட்ட கம்பெனியே காசு வாங்காம சரி பண்ணி குடுக்கும், அவ்ளோதான். என்னுது செகண்ட் ஹேண்ட் வண்டி, ரீகால் லெட்டர் பழைய ஓனரோட பழைய வீட்டுக்கு போயிருக்கு, அவர் வீடே மாத்திட்டாரு, ரெண்டு வருஷம் நான் ஒண்ணும் தெரியாம ஓட்டிட்டு திரிஞ்சேன். அதனால லெட்டர் வரும்னு உக்காந்திருக்காதீங்க.

மொத வேலை, வின் (VIN) நம்பர் எடுங்க, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியா இருக்குற அடையாள நம்பர். பல கார்ல டேஷ்போர்டு ஓரத்துல கண்ணாடி வழியாவே தெரியும், இல்ல டிரைவர் கதவ தொறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். மொத்தம் 17 எழுத்தும் நம்பரும். கையால எழுதாம போட்டோ எடுத்துக்கோங்க, நான் 8ஐ பி-னு அடிச்சு ரெண்டு தடவ தப்பாச்சு. ஓ, ஐ, க்யூ இந்த மூணு எழுத்தும் வின்ல வரவே வராது, வட்டமா இருந்தா அது சைபர்தான்.

அடுத்து கம்பெனி சைட்ல ரீகால் பக்கத்துல அத போட்டு தேடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல் வச்சிருக்காரு, அவருக்கு ரீகால் இல்ல, அப்ப நமக்கும் இல்லன்னு விட்றாதீங்க. எந்த தேதில எந்த பேட்ச் ஒயர் போட்டு செஞ்சாங்கங்குறத பொறுத்து மாறும்.

ரீகால் இருக்குன்னு வந்தா நோட்டீஸ முழுசா படிங்க, வீட்ட விட்டு தள்ளி வெளிய நிறுத்துன்னு போட்டிருக்கான்னு முக்கியமா பாருங்க. சாவிய எடுத்துட்டா கரண்ட் நின்னுடும்னு நெனைக்கிறோம்ல, கிடையாது, சில ஒயர்ல பேட்டரி கரண்ட் எப்பவும் நிக்கும். இரும்பு கிளாம்புல ஒரசி ஒரசி ஒயர் தோல் கிழிஞ்சு செம்பு பாடில பட்டா ஷார்ட்டு, அதுக்காவது ஃபியூஸ் போகும். கனெக்டர் லூசா இருந்து சூடாகுறதுதான் மோசம், ஏன்னா அதுல கரண்ட் அளவு தாண்டாது, ஃபியூஸுக்கு ஒண்ணும் தெரியாது, பிளாஸ்டிக் பாட்டுக்கு உருகிட்டே இருக்கும்.

அப்பாயின்ட்மென்ட் கெடைக்குற வரைக்கும் நீங்களா கை வைக்காதீங்க, இத அழுத்தி சொல்றேன். 2012ல டொயோட்டா ஜன்னல் சுவிட்ச் பிரச்சனைக்காக உலகம் பூரா 74 லட்சம் வண்டிக்கு மேல ரீகால் பண்ணாங்க. உள்ள கிரீஸ் சரியா தடவாததால சுவிட்ச் அமுத்துறப்ப சொரசொரன்னு மாட்டும். கடைல விக்கிற ஆயில் ஸ்பிரே அடிச்சா சுவிட்ச் உருகி பொக வரலாம்னு கம்பெனியே சொல்லுச்சு. ஆனா நாம மொதல்ல தேடுறதே அந்த ஸ்பிரேவத்தானே! அதே மாதிரி 10 ஆம்பியர் செவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு 20 மஞ்சள எடுத்து சொருகுறது, அப்புறம் ஃபியூஸ் போகாது, ஒயர் எரியும். கருகுன வாசன வந்தா, லைட் தானா மங்குனா ஓரங்கட்டி ஆஃப் பண்ணி இறங்கிடுங்க. பொக வந்துட்டா பானட்ட தொறக்காதீங்க, காத்து உள்ள போய் தீ பிடிச்சுக்கும், தள்ளி நின்னு ஃபயர் சர்வீஸ கூப்பிடுங்க.

சர்வீஸ் சென்டருக்கு போன் பண்றப்பவே ரீகால் நம்பர சொல்லி பார்ட் ஸ்டாக்ல இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா வண்டிய விட்டுட்டு சும்மா அலையணும். வேலை முடிஞ்சதும் அந்த நம்பர் போட்ட ஜாப் ஷீட் வாங்கிக்கோங்க. இதே கோளாறுக்கு முன்னாடி கைக்காசு செலவு பண்ணிருந்தா அந்த பில்லயும் நீட்டுங்க, சில கம்பெனி திருப்பி தர்றாங்க. கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப வின் போட்டு பாத்து, முடிஞ்சதுன்னு ஏறிருக்கான்னு செக் பண்ணிக்கோங்க.