டிவியில் நிறம் மாறினால் முதலில் மெனுவை அழுத்துங்கள்

டிவியில் நிறம் மாறிவிட்டது என்றதும் “பேனல் போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிடுவது மெக்கானிக்குக்கு எளிது. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலிருந்து கீழக்கரை வரை வீடு வீடாகப் போய் டிவி பார்ப்பவன் நான். எங்கள் பக்கம் வயதான எல்.இ.டி. டிவியில் பல நேரம் பேனல் நன்றாகவே இருக்கும். உப்புக் காற்று வேறு எங்கேயோ கை வைத்திருக்கும். அது எங்கே என்று தேட ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். மெனுவை வரைவது டிவியேதான். செட்டாப் பாக்ஸுக்கும் ஒயருக்கும் அதில் பங்கில்லை. மெனு நல்ல நிறத்தில் வந்து, படம் மட்டும் கெட்டிருந்தால் கோளாறு வெளியே, அல்லது பிக்சர் செட்டிங்கில். மெனுவும் சேர்ந்து கெட்டிருந்தால் உள்ளே. இதைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறவரை டிவி பக்கம் விடாதீர்கள்.

வெளிக் கோளாறில் அதிகம் பார்ப்பது மூன்று பின் ஒயர். கீழக்கரையில் ஒரு லாத்தா, “தம்பி, எங்க டிவி கறுப்பு வெள்ளையாப் போச்சு” என்று கூப்பிட்டார். பல டிவிகளில் ஏவி-யின் மஞ்சள் பின்னும் காம்பொனென்ட் என்ற வேறு வகை இணைப்பின் பச்சைப் பின்னும் ஒரே துளையில்தான் செருக வேண்டும். பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தி சோர்ஸ் காம்பொனென்ட்டுக்குப் போய்விட்டால் நிறம் போய்விடும், படம் மட்டும் நிற்கும். ஏவி-க்கு மாற்றினேன், முடிந்தது. காசு வாங்கவில்லை, டீ கிடைத்தது. பாக்ஸின் வீடியோ செட்டிங் என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க முறைக்கு மாறியிருந்தாலும் இப்படிக் கறுப்பு வெள்ளை வரலாம். நம் ஊருக்கு பால் (PAL) முறைதான். எச்.டி.எம்.ஐ.யில் படம் ரோஸ் நிறமாகவோ பச்சையாகவோ வந்தால் வேறு கேபிள், வேறு துளை என்று மாற்றிப் பாருங்கள். படம் லேசாக நீலமோ மஞ்சளோ அடித்தால் கலர் டெம்பரேச்சரைப் பாருங்கள்: கூல் என்றால் நீலம், வார்ம் என்றால் மஞ்சள். ஆண்ட்ராய்டு டிவியில் கலர் இன்வெர்ஷன் என்று ஒன்று உண்டு. அது மட்டும் மெனுவையும் சேர்த்துத் தலைகீழாக்கும், அதனால் உள்ளே கோளாறு என்று முடிவு கட்டும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரை டிவி பக்கத்திலிருந்து நகர்த்தச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காந்தத்தால் நிறம் கெட்டது பழைய பிக்சர் டியூப் டிவியில். தட்டை டிவிக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, மெனுவும் கெட்டிருக்கிறது. போனில் முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், வெள்ளை, கறுப்பு என ஐந்து படங்கள் செய்து பென் டிரைவில் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வெள்ளைப் படத்தில்தான் உண்மை தெரியும்.

வெள்ளை நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்து, வட்ட வட்டத் திட்டுகளாகவும் இருந்தால் அது பின்னால் எரியும் எல்.இ.டி. பட்டைகளின் வேலை. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. வருஷக்கணக்காகச் சூட்டில் வெந்து அந்தப் பூச்சு கெட்டால் நீலம் வெளியே வந்துவிடும். எந்த செட்டிங்கும் இதைத் தீர்க்காது. பட்டைகளை மாற்ற வேண்டும், அதுவும் எல்லாவற்றையும் சேர்த்து. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, மற்றது நீலமாக நிற்கும். வாங்கும்போது பட்டையின் நீளம், அதிலுள்ள எல்.இ.டி. எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது மூன்றும் பொருந்த வேண்டும். இதற்குப் பேனல் கண்ணாடியையே தூக்கியாக வேண்டும். இரண்டு பேர் வேண்டும், ஃபேன் ஓடக் கூடாது, கண்ணாடி ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன் மடங்கக் கூடாது. பழக்கமில்லாதவர் வீட்டில் செய்ய வேண்டாம். மாற்றிய பிறகு பேக்லைட்டை 100-இல் வைக்காமல் 60, 70-க்கு இறக்கிவிடுங்கள். சூடு குறையும், பட்டை நாள்படும்.

முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக, போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிந்தால் அது வேறு. மெயின் போர்டிலிருந்து, பேனலை இயக்கும் டி-கான் போர்டுக்குப் போகும் எல்.வி.டி.எஸ். கேபிளில் நிறத் தகவல் ஜோடி ஜோடியான கம்பிகளில் போகிறது. ஒரு ஜோடியில் தொடர்பு விட்டால் நிறத்தின் சில படிகள் மட்டும் காணாமல் போகும். தட்டினால் நிறம் மாறுகிறது, சூடானதும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷமாவது விடுங்கள். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அந்தப் பக்கம் விரலே போகக் கூடாது. டிவியை மெத்தை மேல் முகம் குப்புறப் படுக்க வைத்துப் பின்மூடியைக் கழற்றுங்கள். பல்லி முட்டை இருக்கும், பயப்பட வேண்டாம். கேபிளின் இரு முனை லாக்கையும் அழுத்தி நேராக இழுங்கள். முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பின்கள் வரிசையாகப் பளபளக்கும். கெட்ட இடத்தில் மங்கலாக, ஓரத்தில் பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக ஏறியிருக்கும். உப்பு படிந்த இடம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் வந்தது அது. ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தை மெல்லிய பிரஷில் தொட்டு, பின் போகும் திசையிலேயே தேயுங்கள். தட்டையான ரிப்பன் கேபிளாக இருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்துத் தூளை ஊதிவிடலாம். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், உப்புத்தாள் மூன்றும் கூடாது. மூன்றையும் நான் பார்த்திருக்கிறேன். முழுதும் காய்ந்த பிறகு செருகுங்கள்.

துடைத்தும் மாறவில்லை, களிம்பு கம்பிவரை ஏறியிருக்கிறது என்றால் அதே பின் எண்ணிக்கையில் புதுக் கேபிள் போடலாம். அதற்கும் மசியாமல் படம் வெளுத்து நெகட்டிவாகவே நின்றால் டி-கானில் நிறத்தின் படிகளை ஒழுங்குபடுத்தும் காமா ஐ.சி.யைச் சந்தேகிக்க வேண்டும். பழைய போர்டுகளில் ஏ.எஸ்.15-எஃப் என்ற சில்லு இதற்குப் பேர்போனது. அதை மாற்ற ஹாட் ஏர் மெஷின் வேண்டும், கடைக்குக் கொண்டுபோங்கள். சில டிவிகளில் டி-கான் தனியாகவே இருக்காது, பேனலோடு ஒட்டியிருக்கும்.

மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் நிற்கும் வண்ணக் கோடுதான் பெரும்பாலும் உண்மையான பேனல் கோளாறு. ரிப்பன் கண்ணாடியில் ஒட்டிய இடம் விட்டுவிட்டது. அங்கே அட்டை வைத்து அழுத்திச் சரிசெய்கிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதக்கணக்காகப் பூட்டிய வீட்டில் டிவி ஒருநாளும் சூடாவதில்லை, ஈரம் உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. சாவியை வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டாயம். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் டிவியை மாட்டியிருந்தால் அடுத்த முறை வரும்போது இடம் மாற்றிவிடுங்கள்.