மண்பாதையில் குதிரை வந்தால்: பைக் ஓட்டுபவர்களுக்கு

இங்கிலாந்தின் கிராமத்து மண்பாதைகளில் பைக் போகலாமா என்பதைப் பெரும்பாலும் வழிகாட்டிக் கம்பத்து அம்புக்குறியின் நிறமே சொல்லிவிடும். சிவப்பு என்றால் வண்டிகளும் குதிரைகளும் நடப்பவர்களும் போகலாம். நீலம் குதிரைப்பாதை, மஞ்சள் நடைபாதை, அடர் ஊதா மோட்டார் கூடாத பாதை. இந்த மூன்றிலும் உரிமையில்லாமல் பைக் ஓட்டுவது 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். சிவப்பு அம்பு இருந்தாலும் நுழைவில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். மழை, குளிர் மாதங்களில் சில பாதைகளை மோட்டாருக்கு மூடிவிடுவார்கள்.

குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு (16 கி.மீ.) மேல் போகக் கூடாது, 2 மீட்டராவது இடம் விட வேண்டும் என்கிறது 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிக் கையேடு. தார்ச்சாலையில் சரி. இருபுறமும் வேலி நெருக்கும் 3 மீட்டர் பாதையில் 2 மீட்டருக்கு எங்கே போவது? அங்கே நாம் கடக்கவே கூடாது. நாம் நிற்க வேண்டும், குதிரை கடக்க வேண்டும்.

எதிரே குதிரை தெரிந்ததும் முதலில் கிளட்ச்சைப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரை மட்டும் சட்டென்று விட்டால் சைலன்ஸர் படபடவென்று வெடிக்கும். குதிரை மிரள அதுவே போதும். 50 மீட்டராவது தள்ளி ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். கைப்பிடியில் இன்ஜினை அணைக்கும் சிவப்பு சுவிட்சோடு விட்டுவிடாமல் சாவியையும் திருப்பிவிடுங்கள். பல வண்டிகளில் சாவி ஆனில் இருக்கும்வரை ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். குதிரை பக்கத்தில் வரும் நேரம் பார்த்துத்தான் அது இரையும்.

அடுத்து ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், அல்லது முகமூடியைத் தூக்கிவிட்டுக் குதிரைக்காரரோடு பேசுங்கள். என்ன பேசினாலும் சரி. ஹெல்மெட் போட்ட தலை குதிரைக்கு மனிதத் தலை அல்ல. குரல் கேட்டால்தான் அது சமாதானமாகும். புதருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பது மரியாதை போலத் தோன்றும், ஆனால் பதுங்கி நிற்பது எதுவானாலும் குதிரைக்குப் புலிதான். வெளியே தெரியும்படி நில்லுங்கள். சரிவான பாதையில் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குங்கள். மேட்டில் நிற்பது குதிரைக்குப் பாய வருவது போலிருக்கும்.

பின்னாலிருந்து நெருங்கும்போது இன்னும் பொறுமை வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. தெரியாததை அது பின்னங்காலால் உதைக்கும், இல்லாவிட்டால் ஓடும். இடைவெளி விட்டுத் தங்கி, குதிரைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருங்கள். அவர் அகலமான இடமோ வயல் வாசலோ பார்த்துக் குதிரையை உங்கள் பக்கம் முகம் திருப்பி நிறுத்துவார். கை காட்டிய பிறகு முதல் கியரில், ஒரே சீரான சத்தத்தில் போங்கள். பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்பதை விரலால் காட்டுங்கள். கடைசி வண்டி போய்விட்டது என்று அவர் கடிவாளத்தைத் தளர்த்தும்போது இன்னொன்று உறுமிக்கொண்டு வந்தால் விழுவது அவர்தான்.

பலர் கோட்டை விடுவது கடைசியில்தான். குதிரை நம்மைத் தாண்டியதும் ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். அப்போது நாம் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இன்னொரு 50 மீட்டர் போகட்டும். இறக்கமாக இருந்தால் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நின்றிருக்கும் பைக்கைக் குதிரை மோந்து பார்க்கட்டும், பக்கத்தில் கேரட் கொடுங்கள். அடுத்த நாள் ஒருவர் பைக்கை மெல்ல ஓட்டிப் போக, குதிரையை அதன் பின்னால் நடத்துங்கள். துரத்தி வரும் சத்தத்துக்குத்தான் குதிரை பயப்படும். தனக்கு முன்னால் விலகிப் போகும் சத்தத்தைச் சில நாளில் அலட்சியம் செய்யத் தொடங்கிவிடும். பாதையில் பைக்காரர் நின்றால் நன்றிக்குத் தலையை அசைத்தால் போதும். கை கடிவாளத்திலேயே இருக்கட்டும்.