வகை தெரியாத தரவை அனுப்புவது எப்படி? மீன் இறங்குதளக் கணக்கை வைத்துப் புரோட்டோபஃப் பழகுவோம்

மண்டபம் கரையில் விசைப்படகு வந்தால் காரலும் நகரையும் கணவாயும் கிலோக் கணக்கில் இறங்கும். நண்டை அளவு பார்த்துப் பிரிப்பார்கள். பாக் விரிகுடா ஓரம் பாசி வளர்க்கும் பெண்களுக்கோ மிதவை எத்தனை, ஈரப் பாசி எவ்வளவு, காய்ந்தது எவ்வளவு என்பதுதான் கணக்கு. இவை எல்லாம் ஒரே ஆப்பிலிருந்து ஒரே சர்வருக்குப் போக வேண்டும். அனுப்பும் தகவல் தொகுப்பை, அதாவது மெசேஜை, எப்படி அமைப்பது?

கூகுள் 2008-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸில் (சுருக்கமாகப் புரோட்டோபஃப்; தரவின் வடிவத்தை ஒரு ஃபைலில் எழுதி, அதைச் சிறிய பைட்டுகளாக அனுப்பும் முறை) இதற்கு வழி இருக்கிறது. பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் புரோட்டோ ஃபைலில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். அங்கே தமிழ்ப் பெயர்கள் செல்லாது.

படி 1: தெரிந்ததை வகையோடு எழுதுங்கள்

மெசேஜ் மீன் {
  ஸ்டிரிங் பெயர் = 1;
  இன்ட்32 எடை = 2;
}

ஸ்டிரிங் என்றால் எழுத்து, இன்ட்32 என்றால் முழு எண். எடை 300 கிலோ என்றால் நெட்வொர்க்கில் போவது 16, 172, 2 என்ற மூன்று பைட்டுகள்தான். 'எடை' என்ற சொல் போகவே போகாது, அதன் எண்ணான 2 மட்டும் முதல் பைட்டுக்குள் ஒளிந்து போகும். அதனால் பெயரை மாற்றினாலும் பழைய பைட்டுகள் படிக்க வரும், எண்ணை மட்டும் ஒருநாளும் மாற்றக்கூடாது. 1 முதல் 15 வரையான எண்களுக்கு இந்த அடையாளம் ஒரே பைட்டில் அடங்கும். அடிக்கடி வரும் விவரங்களுக்கு அவற்றைக் கொடுங்கள்.

இன்னொன்று. எடை 0 என்றால் புரோட்டோ3 (புரோட்டோபஃப் மொழியின் ஒரு பதிப்பு) எதையும் அனுப்பாது. படகு வெறும் வலையோடு திரும்பியதா, இல்லை எடையை யாரும் நிரப்பவில்லையா என்று சர்வருக்குத் தெரியாமல் போகும். அந்த வேறுபாடு முக்கியம் என்றால் முன்னால் 'ஆப்ஷனல்' சேருங்கள்.

படி 2: ஒன்ஆஃப்

மீன், நண்டு, பாசி என மூன்று வகையும் உங்கள் கையில் இருந்தால் ஒன்ஆஃப் போதும். மூன்றில் ஏதாவது ஒன்றுதான் நிரம்பும். எனி, ஸ்ட்ரக்ட் போன்ற பொது வகைகளைத் தேடிப் போகும் பலருக்கு உண்மையில் தேவை இதுதான் என்பது என் கருத்து.

படி 3: எனி

சரி, நாளைக்கு வேறொரு குழு ஐஸ் ஆலைக் கணக்கைச் சேர்க்கப் போகிறது, அதன் வடிவம் உங்களுக்கு இப்போது தெரியாது. அப்போதுதான் எனி வேண்டும்.

மெசேஜ் கரைப்பதிவு {
  ஸ்டிரிங் படகு_எண் = 1;
  டைம்ஸ்டாம்ப் நேரம் = 2;
  எனி சரக்கு = 3;
}

எனி, டைம்ஸ்டாம்ப் இரண்டையும் கூகுளின் ஃபைல்களிலிருந்து இம்போர்ட் செய்ய வேண்டும். எனி என்பது மேலே சீட்டு ஒட்டிய ஐஸ் பெட்டி: சீட்டில் வகையின் முழுப்பெயர், உள்ளே வெறும் பைட்டுகள். பைத்தானில் 'பேக்' செய்தால் இரண்டும் நிரம்பும். 'அன்பேக்' செய்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், சீட்டு பொருந்தாவிட்டால் பொய் என்று பதில் கிடைக்கும்.

அந்தச் சீட்டு இணைய முகவரி போலத் தோன்றும். ஆனால் பேக் செய்யவோ பிரிக்கவோ நெட் தேவையில்லை, சிக்னல் இல்லாத கடலில்கூட வேலை செய்யும். கவனிக்க வேண்டியது வேறு: முழுப்பெயரில் பேக்கேஜ் பெயரும் (புரோட்டோ ஃபைலில் நீங்கள் கொடுக்கும் தொகுப்புப் பெயர்) அடக்கம். சேமித்து வைத்த பழைய பதிவுகள் இருக்கும்போது பேக்கேஜ் பெயரை மாற்றினால் அவற்றின் சீட்டு புதிய வகையோடு பொருந்தாது. படி 1-இல் பெயர் மாற்றலாம் என்றேன். இங்கே மாற்றாதீர்கள்.

படி 4: ஸ்ட்ரக்ட்

ஒவ்வொரு வியாபாரியும் தனக்கு வேண்டிய குறிப்பை இஷ்டம்போல் எழுதுகிறார் என்றால் அதற்கு எந்த வடிவமும் கிடையாது. ஸ்ட்ரக்ட் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். உள்ளே ஆறே வகை: வெற்று, எண், எழுத்து, ஆம்/இல்லை, இன்னொரு ஸ்ட்ரக்ட், பட்டியல். தேதிக்குத் தனி வகை இல்லை, எழுத்தாகத்தான் வைக்க வேண்டும்.

இந்த வசதிக்கு விலை உண்டு. எண்கள் எல்லாம் 'டபுள்' (தசம எண்களுக்கான 8 பைட் வகை) ஆகிவிடும். 9007199254740992-ஐத் தாண்டிய முழு எண்களில் பல அதில் துல்லியமாக நிற்காது, கடைசி இலக்கங்கள் மாறலாம். நீளமான ரசீது எண்ணை எழுத்தாகவே அனுப்புங்கள். அப்புறம், விவரத்தின் பெயரும் (சாவி) ஒவ்வொரு முறையும் கூடவே போகும். 'எடை' என்ற சொல்லுக்கு மட்டும் 9 பைட், மதிப்புக்கு 8, மற்ற அடையாளங்களுக்கு 7. ஆக, படி 1-இல் 3 பைட்டில் போன அதே 300 கிலோ இங்கே 24 பைட். பைத்தானில் இரண்டையும் 'சீரியலைஸ்-டு-ஸ்டிரிங்' செய்து நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள்.

படி 5: தெரியாத சீட்டு வந்தால்

சர்வருக்கு வகை தெரியாத எனி வந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜேசானாக (எழுத்து வடிவத் தரவாக) மாற்றவும் முயலாதீர்கள், அதற்கும் அந்த வகையின் வரையறை தேவை. சீட்டையும் பைட்டுகளையும் அப்படியே டேட்டாபேஸில் வையுங்கள். ஐஸ் ஆலைக் குழு தன் புரோட்டோ ஃபைலை அனுப்பிய பிறகு பழைய பதிவுகளையும் பிரித்துக்கொள்ளலாம்.