கல்லூரி லைப்ரரியைப் பிள்ளைகளோடு சேர்ந்து மாற்றியமைப்பது எப்படி?

"லைப்ரரிக்கு என்ன வேண்டும்?" என்று கூகுள் ஃபார்ம் அனுப்பினால் எந்தக் கல்லூரியிலும் வரும் பதில் ஒன்றுதான்: ஏ.சி., வைஃபை, சார்ஜ் போட இடம். அதைத் தெரிந்துகொள்ள ஃபார்ம் எதற்கு? வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் வட்டாரக் கல்லூரிகளில் லைப்ரரிக்கென்று பணம் வருவதே அபூர்வம். அது உருப்படியாகச் செலவாக, பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும் முன் அவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடக்கூடிய முறை இது.

1. குழு

எட்டுப் பேர் போதும்: நூலகர், ஒரு பேராசிரியர், அட்டெண்டர், தூய்மைப் பணியாளர், நான்கு மாணவர்கள். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் கல்லூரியென்றால் நால்வரில் இருவர் மதிய ஷிஃப்டிலிருந்து வரட்டும். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தால் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அரை மணி வையுங்கள். தூய்மைப் பணியாளரை ஒப்புக்குச் சேர்க்காதீர்கள். எந்தச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறும், எந்த மூலையில் தினமும் பிஸ்கட் கவர் கிடக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

2. வரைபடமும் தலை எண்ணிக்கையும்

ஹாலை டேப் வைத்து அளந்து 1:50 அளவில் வரையுங்கள். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. 18 மீட்டருக்கு 12 மீட்டர் ஹால் ஒரு ஏ3 தாளில் அடங்கும். மேசை, ரேக் மட்டுமல்ல, ஃபேன், ஜன்னல், பிளக் பாயிண்ட், தூண் எல்லாவற்றையும் குறியுங்கள். நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுங்கள்.

இனி எண்ண வேண்டும். காலை 10, மதியம் 12, 2, மாலை 4 என நாளுக்கு நான்கு சுற்று. ஒரு சாதாரண வாரம், செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஒரு வாரம், இரண்டிலும் எடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தாள். யார் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த இடத்தில் ஓர் எழுத்து: தனியாகப் படித்தால் 'ப', கூடிப் படித்தால் 'கூ', போன் என்றால் 'போ', தூக்கம் என்றால் 'தூ'. பெயர் எழுதவே கூடாது. வேவு பார்க்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பினால் அத்தோடு வேலை கெட்டது.

ஒரு வாரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெரியும். ஃபேனுக்கு நேர் கீழே கூட்டம், இரண்டு ஃபேனுக்கு நடுவே காலி. ஆறு பேர் மேசையில் இருவர் எதிரெதிர் மூலையில் பையைப் பரப்பி உட்கார்ந்தால் அந்த மேசை நிறைந்துவிட்டது என்றே அர்த்தம். மூன்றாம் ஆள் வரமாட்டார். வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலிகளையும் பாருங்கள், பெரும்பாலும் கடைசியில்தான் நிரம்பும்.

3. உள்ளே வராதவர்கள்

எண்ணிக்கையில் இவர்கள் சிக்கமாட்டார்கள். கேன்டீன், பஸ் ஸ்டாப், மாடிப்படி, மரத்தடி என்று போய்க் கேளுங்கள்: "நேற்று எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?" "ஏன் லைப்ரரிக்கு வரவில்லை?" என்று கேட்டால் கூச்சத்தில் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள்.

பார்வையற்ற மாணவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். பலருக்குப் பக்கத்தில் ஒருவர் வாய்விட்டு வாசித்தால்தான் பாடம் நடக்கும். 'அமைதி காக்கவும்' பலகை அவர்களை மாடிப்படிக்குத் துரத்திவிடுகிறது. கதவு சாத்தக்கூடிய, மூன்று பேர் உட்காரும் ஓர் அறை போதும். பழைய பத்திரிகைக் கட்டு அடைத்துவைத்த அறை எந்த லைப்ரரியிலும் ஒன்றாவது இருக்கும். சக்கர நாற்காலிக்கு வழி 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, திரும்பும் இடத்தில் 150 செ.மீ. வேண்டும்.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் ஒரு மானுடவியலாளரை வைத்து, மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. ஆய்வு 2007இல் வெளிவந்தது. மாணவர்களிடம் கேமரா கொடுத்து, பட்டியலில் உள்ளதைப் படமெடுத்துவரச் சொன்னார்கள். இங்கே எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பத்துப் பேரிடம் ஐந்தே தலைப்புக் கொடுங்கள்: பை வைக்கும் இடம், சார்ஜ் போடும் இடம், ஒதுங்கிப்போகும் இடம், பிடித்த இடம், வீட்டில் படிக்கும் இடம். படத்தில் யார் முகமும் விழக் கூடாது. ஐந்தாவதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒற்றை அறை வீட்டைப் படமெடுத்துக் காட்ட எல்லாருக்கும் மனம் வராது.

4. புளியங்கொட்டை பட்ஜெட்

இனி எல்லாரையும் கூப்பிட்டு ஹாலைத் திட்டமிடும் ஒரு கூட்டம்: ஐந்து மேசை, மேசைக்கு ஆறு பேர், ஒன்றரை மணி நேரம். ஹெச்.ஓ.டி.க்களை (துறைத் தலைவர்களை) தனி மேசையில் உட்கார வையுங்கள், கலந்தால் பிள்ளைகள் வாய் திறக்காது. 120க்கு 60 செ.மீ. மேசையை 2.4க்கு 1.2 செ.மீ. அட்டையாக வெட்டி, வரைபடத்தின் மேல் நகர்த்தவிடுங்கள். ஒரு வாசகருக்குச் சுமார் 25 சதுர அடி என்பது கணக்கு. அதைச் சொல்லாவிட்டால் ஹால் முழுக்க மேசையாக அடைத்துவிடுவார்கள்.

பணத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மேசைக்கும் 20 புளியங்கொட்டை, ஒரு கொட்டை 5,000 ரூபாய்க்குச் சமம். வேண்டியதை அதற்குள் வாங்க வேண்டும். முன்கூட்டியே கடையில் விலை கேட்டுப் பட்டியல் போட்டுவிடுங்கள். அந்த 18க்கு 12 மீட்டர் ஹால் 2,300 சதுர அடிக்கு மேல், ஒரு 1.5 டன் ஏ.சி. எந்த மூலைக்கு? கொட்டையை எண்ணிப் பார்த்ததும் பிள்ளைகளே ஏ.சி.யை விட்டு ஃபேனுக்கும் பிளக்குக்கும் வருவார்கள். இதற்கு முன் குழுவை ஒரு மாலை கொளத்தூர் முதல்வர் படைப்பகத்துக்கு (படிக்கவும் வேலை பார்க்கவும் அரசு அமைத்த பொது இடம்) அனுப்புவது நல்லது. 2024 நவம்பரில் திறந்தது. பிளக் எங்கே இருக்கிறது, மேசைக்கும் மேசைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்துவரட்டும்.

5. வாங்கும் முன் ஒத்திகை

இருக்கிற மேசைகளையே நகர்த்தி, வழிகளை மாஸ்கிங் டேப்பால் தரையில் குறித்து, மூன்று வாரம் விடுங்கள். முதல் வாரக் கணக்கை நம்ப வேண்டாம், புதுசு என்பதால் கூட்டம் வரும்.

ரேக்கை நகர்த்துவதில்தான் ஆபத்து. ஒரு மீட்டர் தட்டில் நெருக்கி அடுக்கிய புத்தகம் 25, 30 கிலோ வரும். மேல்தட்டிலிருந்து காலி செய்யுங்கள்; கீழ்த்தட்டை முதலில் எடுத்தால் ரேக் தலைகுப்புறச் சாயும். தட்டுக்கு ஓர் எண் சாக்பீஸால் எழுதிவிட்டே இறக்குங்கள், இல்லாவிட்டால் வரிசை குலைந்து ஒரு மாதம் புத்தகம் தேட வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இலேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விதி வகுத்திருக்கிறார். ரேக்குகளை மாடிக்கு ஏற்றுவதானால் பொறியாளர் பார்த்த பிறகுதான். கடற்காற்றில் இரும்புக் கால் சீக்கிரம் துருப்பிடிக்கும்: சுவரிலிருந்து கையளவு தள்ளி, காலடியில் ரப்பர் புஷ் போடுங்கள். தரைத்தளமென்றால் அக்டோபருக்குள் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சொருகுவது ஒத்திகைக்குக்கூட வேண்டாம்.

6. பதில் பலகை, பிறகு ஆர்டர்

வாசலில் ஒரு சார்ட். மூன்று பத்தி: கேட்டது, செய்வது, செய்யாததற்குக் காரணம். மூன்றாவதைக் காலியாக விட்டால் அடுத்த முறை கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள்.

இருபது மேசை தேவையென்றால் முதலில் நான்கு வாங்குங்கள், தரையில் போல்ட் போடாத வகையாக. பிளக் உயரம், மேசையின் ஆட்டம், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நாற்காலி கிறீச்சிட்டால் கால் மூடியை மட்டும் மாற்றித் தரும்படி கேளுங்கள். மீதிப் பதினாறுக்கான ஆர்டரில் அந்தத் திருத்தங்களை எழுத்தில் போட்டுவிடுங்கள்.