சலித்தது காரா, டயரா? ஹாட் ஹேட்ச் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

"அண்ணா, வண்டி போரடிச்சிருச்சு. வித்துட்டு வேற ஏதாவது பார்க்கலாம்னு இருக்கேன்." போன ஞாயிறு காலையில் ஒரு தம்பி இப்படிச் சொன்னான். நாலு வருடம் முன்பு அதே வண்டியை எடுத்த அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று சொன்னவன். சாவியை வாங்கி ஒரு சுற்று ஓட்டினேன். மூன்றாவது வளைவிலேயே புரிந்துவிட்டது. என் முதல் ஹாட் ஹேட்சை, அதாவது பலமான எஞ்சின் வைத்த சின்னக் குடும்ப காரை, நான் எந்தக் காரணத்துக்காக விற்றேனோ, அதே காரணம்.

இந்த வருடத்தில் இப்படி வந்து சொன்ன மூன்றாவது ஆள் இவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரத்துக்கு ஆயில் மாற்றாதது, சூடேறாத டர்போ எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டுவது, சர்வீஸ் ரசீதுகளைத் தொலைப்பது இதெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் நடக்கும் தவறுகளை மட்டும் பேசுகிறேன்.

தேய்ந்த வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

ஹாட் ஹேட்ச் என்பது அடிப்படையில் ஒரு சாதாரணக் குடும்ப கார். அதே கூடு, அதே கதவு, அதே பின்சீட்டு. அதில் பலமான எஞ்சினை வைத்து, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் இறுக்கி, நல்ல டயரும் பிரேக்கும் போட்டுத் தருகிறார்கள். எஞ்சின் சீக்கிரம் கெடாது. மற்ற எல்லாம் தேயும். சாதாரண காரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகிற பொருட்களில் பாதிக்கு மேல் ரப்பரும் எண்ணெயும்தான். அவை தேயத் தேய வண்டி மெல்ல மெல்லச் சாதாரண காராகிவிடுகிறது.

இந்த 'மெல்ல மெல்ல' என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. தினமும் ஓட்டுபவருக்கு அது தெரியாது. ஸ்டியரிங் கொஞ்சம் மழுங்கும்போது கையும் அதற்கேற்பப் பழகிவிடும். வளைவில் பின்பக்கம் ஆடத் தொடங்கினால் நாமே அறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து ஒரு நாள், 'முன்ன மாதிரி இல்லையே' என்று தோன்றும். உடனே பழியை வண்டியின் வயது மேல் போடுவோம், அல்லது நம் வயது மேல்.

நான் போட்டேன். என்னுடையது 2 லிட்டர், டர்போ இல்லாத எஞ்சின், மூன்று கதவு. ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. "கிலோமீட்டர் ஏறிப்போச்சு, இனிமே செலவுதான் வைக்கும்" என்று சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. விற்றுவிட்டேன்.

வாங்கியவர் தன் வண்டி வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர். நான்கு மாதம் கழித்து போன் செய்தார். "ஒரு தடவை வந்து ஓட்டிப் பாருங்க" என்றார். போனேன். எஞ்சினில் அவர் கை வைக்கவே இல்லை. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கரத்தின் ரப்பர் மூட்டு), பின் ஆக்சில் புஷ், எஞ்சினின் அடி மவுண்டிங் (எஞ்சினைப் பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி), நான்கு ஷாக் அப்சார்பர், நான்கு டயர், பிரேக் ஆயில். கடைசியாக வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. அவ்வளவுதான். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அப்படியே திரும்பி வந்திருந்தது. இறங்கிச் சாவியைக் கொடுக்கும்போது என்னால் சரியாகப் பேச முடியவில்லை.

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. பணக் கணக்கும் மோசம்தான்: அடுத்து எடுத்த வண்டிக்குக் கையிலிருந்து கூடுதலாகப் போட்ட தொகையில் அந்த வேலைகளைப் பல முறை செய்திருக்கலாம். ஆனால் என்னை இன்றும் உறுத்துவது வேறு. கடைசி இரண்டு வருடம் நான் என் வண்டியை உண்மையில் ஓட்டவே இல்லை. அதன் தேய்ந்த நிழலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிழலை வைத்து வண்டிக்குத் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

என்னென்ன எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன்.

சோதிப்பதை டயரில் தொடங்குங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பர் வருடக் கணக்கில் இறுகிப்போகும். இன்னொரு பெரிய தவறு, முதல் செட் தேய்ந்ததும் 'நீண்ட நாள் உழைக்கும்' சிக்கன டயரைப் போடுவது. கம்பெனி இந்த வண்டியின் சஸ்பென்ஷனைப் பிடிப்பு அதிகமுள்ள டயருக்காகவே அமைத்திருக்கிறது. கடினமான டயரைப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும்.

லோயர் ஆர்ம் புஷ் கிழிந்தால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் ஒரு பொட்டு பின்னால் நகரும். நகரும்போது அதன் கோணமும் மாறும். வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கம் இழுப்பது போலத் தெரிவது இதனால்தான். எஞ்சினின் அடி மவுண்டிங் தளர்ந்தால் ஆக்சிலரேட்டரில் காலை வைத்து எடுக்கும்போது எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். ஓட்டுபவருக்கு அது ஒரு சின்னக் குலுக்கலாகத் தெரியும். கிளட்ச் போய்விட்டது என்று பயந்து வண்டியை விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் சாகாது. எண்ணெய் கசிந்து நனைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், கசியாமலும் வலுவிழக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். மலைப்பாதையில் பெடல் பஞ்சு போல அமுங்கினால் பிரேக்கைத் திட்டுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதலில் புஷ், மவுண்டிங், ஷாக். அப்புறம் டயர். எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். கிழிந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், கருவி காட்டும் எண் அந்த மேடையில் நிற்கும்வரைதான் உண்மை. தரையில் இறங்கிப் பிரேக் அடித்ததும் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து இரண்டு முறை பணம் கட்டுபவர்கள் ஏராளம்.

எல்லாம் முடித்து இரண்டு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் சலிப்பாக இருந்தால் தாராளமாக விற்கலாம். அப்போது எடுப்பது உங்கள் முடிவாக இருக்கும்.

குதிரைத்திறனைத் துரத்தி வண்டி மாற்றுவது

1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 810 கிலோ. 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ அதைவிடக் கொஞ்சம் குறைந்த சக்தியோடுதான் தொடங்கியது. இந்த இரண்டையும் இன்னமும் மக்கள் தேடித் தேடிப் பாதுகாக்கிறார்கள். இன்று ஹோண்டா சிவிக் டைப் ஆர் 300 குதிரைத்திறனைத் தாண்டிவிட்டது, எடையும் 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. அருமையான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சக்தி முழுவதையும் பொதுச் சாலையில் எத்தனை நொடி பயன்படுத்த முடியும்?

சின்ன வண்டியில் இரண்டாவது கியரைக் கடைசி வரை இழுத்து, மூன்றாவதுக்கு மாற்றி, அப்போதும் சட்ட வரம்புக்குள் இருக்கலாம். அந்த வேலைதான் சுகம். நான் முதல் வண்டிக்குப் பதிலாக எடுத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி உள்ளது. ஒன்றரை வருடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதை விற்றதில் எனக்கு வருத்தமே கிடையாது.

கிளட்சை மறந்துவிட்டு ரீமேப் செய்வது

டர்போ எஞ்சின் என்றால் கணினி வழியாக டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிவிடலாம், அரை மணி நேர வேலை. இதுதான் ரீமேப். கூடுவது பெரும்பாலும் டார்க், அதாவது எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும் விசை. அதைத் தாங்க வேண்டியது கம்பெனி கிளட்ச். உயர்ந்த கியரில் காலை அழுத்தும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடும் வண்டி என்பதால் ஸ்டியரிங்கும் கையைப் பிடித்து இழுக்கும். அப்புறம் அதற்கு ஒரு டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பாகம்), அதற்கு ஒரு பிரேக், அதற்கு ஒரு ரேடியேட்டர். கடைசியில் எந்த நேரமும் பட்டறையில் நிற்கும் வண்டியை யார்தான் விரும்பி வைத்திருப்பார்கள்?

இன்னொன்று. பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்பார்கள். பல கம்பெனிகளின் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கை வைத்திருக்கும். வாரண்டி இருக்கும்போது செய்யாதீர்கள், விற்கும்போது மறைக்காதீர்கள்.

கழற்றிய கம்பெனி பாகங்களைத் தூக்கிப் போடுவது

போடாதீர்கள். ஸ்பிரிங், சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி, எல்லாவற்றையும் துணியில் சுற்றி வையுங்கள்.

பெரிய செலவு வரப்போகிறது என்ற பயத்தில் விற்பது

டைமிங் பெல்ட், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் ஆயில், வால்வில் படியும் கரி. இந்த மூன்றும்தான் பெரும்பாலும் பயமுறுத்துகின்றன. கரியை எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அதனால் அதைக் கழுவ ஆளில்லை. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி அதில் படிந்து சுட்டுக் கரியாகிறது. வால்நட் ஓட்டுப் பொடியை அழுத்தக் காற்றில் பீய்ச்சி எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் வேலை. இதற்காக வண்டியை விற்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இதைவிட மோசம், எல்லாச் செலவையும் செய்துவிட்டு அடுத்த மாதமே விற்பது. போட்ட பணம் விலையில் முழுதாகத் திரும்பாது. செய்தாகிவிட்டது என்றால் குறைந்தது இரண்டு வருடம் அதை அனுபவியுங்கள்.

குழந்தை பிறந்ததும் அவசரமாக விற்பது

ஐந்து கதவு வண்டி என்றால் முதலில் குழந்தை சீட்டை வாங்கிப் பின்னால் மாட்டிப் பாருங்கள். பின்நோக்கி வைக்கும் சீட்டுக்குப் பிறகும் முன்சீட்டில் ஒரு பெரியவர் முட்டி இடிக்காமல் உட்கார முடிகிறதா? தள்ளுவண்டி டிக்கியில் நுழைகிறதா? நுழைந்தால் வேலை முடிந்தது. வீட்டுக்கும் உதவும், காட்டுக்கும் உதவும் என்பதற்காகத்தான் இந்த வகை காரே பிறந்தது. மூன்று கதவு என்றால் உங்கள் முதுகு பதில் சொல்லும்.

முதலீடு என்று மூடி வைப்பது

விற்காமல் வைத்திருப்பவர்களும் தவறு செய்கிறார்கள். 2023-இல் ஃபோர்டு ஃபியஸ்டா உற்பத்தி நின்றது, அதோடு அதன் ஹாட் ஹேட்ச் வடிவமான ஃபியஸ்டா எஸ்டியும் போனது. ரெனோ மெகான் ஆர்எஸ்ஸும் அதே வருடம் முடிந்தது. புதுப்பிக்கப்பட்ட எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயில் கையால் மாற்றும் கியரே கிடையாது. இனிமேல் இப்படி ஒன்று கிடைக்காது என்ற பயம் நியாயமானது. வைத்துக்கொள்ள அது நல்ல காரணமும்கூட. ஆனால் விலை ஏறும் என்று துணி போட்டு மூடி நிறுத்தினால் பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும், ரப்பர் எல்லாம் வெடிக்கும்.

அரிதானது என்ற கணக்கும் நம் கையில் இல்லை. 1993-இல் ரெனோ கிளியோ வில்லியம்ஸ் எண் பொறித்த தகட்டோடு, குறைந்த எண்ணிக்கையில் வந்தது. விற்பனை நன்றாக இருந்ததால் கம்பெனி இரண்டாம், மூன்றாம் பதிப்புகளையும் வெளியிட்டது. முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். ஓட்டி மகிழ்ந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

விற்க வேண்டிய நேரத்தில் பிடிவாதம் பிடிப்பது

அடிக்கட்டமைப்பில் துரு ஏறிவிட்டால், தினமும் நெரிசலில் மட்டும் ஓடி இறுக்கமான சஸ்பென்ஷனால் இடுப்பு வலி நிரந்தரமானால், வருடத்தில் ஒரு நாள்கூட அதற்கேற்ற சாலைக்குப் போக வாய்ப்பில்லை என்றால், விற்றுவிடுங்கள். நல்ல கைக்குப் போகட்டும்.

அந்தத் தம்பியின் வண்டியை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். இடது லோயர் ஆர்ம் புஷ் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பின்டயர்களின் வயது ஏழு. பிரேக் ஆயிலை எப்போது மாற்றினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. விளம்பரத்துக்காக எடுத்த படங்களை அழிக்கச் சொல்லவில்லை, இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொன்னேன். புஷ் அடுத்த வாரம் வந்து சேரும். அலைன்மென்ட் முடிந்த அன்று அதே மூன்றாவது வளைவுக்கு அவனே ஓட்டிப் போகட்டும், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.