தரங்கம்பாடி முதல் வேளாங்கண்ணி வரை: சேலத்துக்காரரின் மூன்று நாள் கடற்கரை நடை

சேலத்துக்காரனுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணை. மலை மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது; அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில், முதல் கடற்கரை நடைக்கும் மலைக்குக் கட்டுகிற மாதிரியே பை கட்டினேன். டென்ட், ஸ்வெட்டர், சின்ன ஸ்டவ், ஜீன்ஸ் இரண்டு. தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 11.4 கிலோ. "அரை சிப்பம் அரிசி வருதே தம்பி, யாருக்குக் கொண்டு போறீங்க?" என்றார் கடைக்காரர். இரண்டாம் நாள் மத்தியானம் மணலில் உட்கார்ந்து அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே நடைக்கு என் பை தண்ணீரோடு சேர்த்து ஆறரைக் கிலோ. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. மாதம், திசை

ஜனவரி கடைசி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அந்தக் கரைக்குத்தான் வரும். 2018 நவம்பரில் கஜா கரையேறியது இந்தப் பக்கம்தான். ஏப்ரல், மே வெயிலில் மணல் காலைச் சுடும்.

வடக்கிலிருந்து தெற்காக நடங்கள். தை, மாசியில் வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். எதிர்த்து நடந்தால் கண்ணெல்லாம் மணல்.

2. ஆறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

மலையில் வழி தவறுவதுதான் பயம். கடற்கரையில் வழி தவறவே முடியாது, இடது கைப்பக்கம் கடல் இருந்தால் சரி. ஆனால் வழி திடீரென்று முடிந்துபோகும். காவிரியின் கிளைகள் பல இந்தக் கரையில்தான் கடலில் விழுகின்றன. நண்டலாறு, காரைக்காலில் அரசலாறு, அதற்குத் தெற்கே திருமலைராஜன் ஆறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு. இதுபோக வாஞ்சூர் பக்கம் காரைக்கால் துறைமுகம் கரையை மறித்து நிற்கிறது. அங்கே ரோட்டுக்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

போனில் சாட்டிலைட் படத்தைத் திறந்து ஒவ்வொரு முகத்துவாரத்தையும், அதற்கு மிக அருகில் உள்ள பாலத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். தாளில்தான், போனில் இல்லை. படத்தில் மணல்திட்டு ஆற்றை அடைத்திருப்பதுபோலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். நான் நம்பினேன். நேரில் போனால் இடுப்பளவு தண்ணீர் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சரி, இறங்கிவிடலாம் என்று செருப்பைக் கழற்றினேன். வலை சீர்பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, அடியில மணல் ஓடுது. பாலத்துக்குப் போயிருங்க" என்றார். சுற்றிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த ஒரு விஷயத்தில் கரையில் இருப்பவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. முகத்துவாரத்தில் இறங்காதீர்கள்.

3. நாள் கணக்கு

முதல் நாள் தரங்கம்பாடி – காரைக்கால், சுமார் 15 கி.மீ. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை வாசலிலிருந்து கிளம்பலாம். இரண்டாம் நாள் நாகூர். மூன்றாம் நாள் நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி, இதுதான் நீளம். மூன்று ஊரிலும் லாட்ஜ் உண்டு. டென்ட் தேவைப்படாததற்கு அதுதான் காரணம். நாகூர் கந்தூரி சமயத்தில் மட்டும் அறை கிடைக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் மணிக்கு ஐந்து கி.மீ. நடப்பவர் மணலில் மூன்றுதான் நடப்பார். விடியும்போது கிளம்பி பதினொரு மணிக்குள் நிழலுக்கு வந்துவிட்டு, மிச்சத்தை நான்கு மணிக்குமேல் நடங்கள். இருட்டியபின் கரையில் டார்ச் அடித்துக்கொண்டு நடக்கவேண்டாம். அந்த மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும்.

4. பழக்கம்

ஒரு மாதம் முன்பே மூக்கனேரிக் கரையில் தினம் ஒரு மணி நேரம். கடைசி இரண்டு ஞாயிறு, முழுப் பையோடு ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரை போய்வாருங்கள். இது காலுக்காக இல்லை, பைக்காக. எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்தப் பொருளைத் தொடவேயில்லை என்பதெல்லாம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவிலேயே தெரிந்துவிடும். தொடாததை வீட்டில் வைத்துவிடுங்கள்.

மலை சொல்லித்தராத ஒன்று உண்டு. ஈரமணல்தான் கெட்டி, நடக்கச் சுகம். ஆனால் அது கடல்பக்கம் சரிந்திருக்கும். இடது கால் நாள் முழுக்கத் தாழ்ந்தே விழும். சாயங்காலம் முட்டியும் இடுப்பும் பேசும். அரை மணிக்கு ஒருமுறை மேல்மணலுக்கோ ரோட்டுக்கோ மாறிக்கொள்ளுங்கள்.

5. பை

தண்ணீர் மூன்று லிட்டர், அதாவது மூன்று கிலோ. இதில் கை வைக்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் வையுங்கள்.

சீக்கிரம் காயும் சட்டை இரண்டு, கால்சட்டை ஒன்று, சாக்ஸ் மூன்று ஜோடி. லுங்கி ஒன்று: துண்டு, போர்வை, மறைப்பு எல்லாம் அதுவே. தொப்பி சுற்றிலும் விளிம்புள்ளதாக இருக்கட்டும். கிரிக்கெட் தொப்பி போட்டுப் போய் என் இடது காது தோலுரிந்தது. காலை வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான். பழகிய ஷூ, கூடவே ரப்பர் செருப்பு. வெறுங்காலில் நடக்க ஆசை வரும், ஆனால் மீன்முள், கண்ணாடி, கருவேல முள் மூன்றும் மணலுக்குள் இருக்கும். ஓஆர்எஸ் ஆறு பொட்டலம், பிளாஸ்டர், ஊசி, தேங்காயெண்ணெய், பவர்பேங்க், விசில். போனுக்கு ஜிப் கவர்; உப்புக்காற்று சார்ஜ் துளைக்குள் போனால் வம்பு.

தின்ன கடலைமிட்டாய், பொட்டுக்கடலை. தட்டுவடை செட்டை ஆசைக்கு ஒருமுறை கட்டிக்கொண்டு போனேன், ஆத்தூர் தாண்டும்முன் சட்னியில் ஊறிப்போனது. சோற்றுக்கு வழிநெடுக ஊர்கள் இருக்கின்றன.

6. கிளம்பும் முன்

மைசூரிலிருந்து மயிலாடுதுறை வழியாகப் போகும் ரயில் சேலத்தில் நிற்கும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பச் சேலத்துக்கே பஸ் உண்டு. வானிலை அறிக்கையில் மீனவர்களுக்கு எச்சரிக்கை இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். ஆற்றுத் தாளின் நகல் ஒன்றை, எந்த இரவு எந்த ஊர் என்று எழுதி, வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மளிகைக்கடைக்குப் போங்கள். ஏழு கிலோவுக்குமேல் காட்டினால் திரும்பி வந்து மறுபடி பிரியுங்கள்.