வாயுக் கணக்கா? முதலில் எது மாறவில்லை என்று பாருங்கள்

பாயில் விதி, சார்லஸ் விதி, அவகாட்ரோ விதி என்று ஒவ்வொரு சூத்திரத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிட்டு, கேள்வித்தாளைப் பார்த்ததும் இதற்கு எதைப் போடுவது என்று முழிக்கிற பிளஸ் ஒன் பிள்ளைகள் நிறைய. அந்த மனப்பாடமே வேண்டாம். 1662-ல் பாயில் சொன்னது, சார்லஸ் கண்டுபிடித்தும் அச்சில் போடாமல் விட்டு 1802-ல் கே-லூசாக் வெளியிட்டது, 1811-ல் அவகாட்ரோ சொன்னது எல்லாமே ஒரே உறவின் துண்டுகள்தான். அந்த உறவு இது:

அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × ஆர் × வெப்பநிலை

ஆர் என்பது மாறிலி; மோல் என்பது வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் அளவு. மீதி நாலில் எது எது மாறாமல் நிற்கிறது என்று கேள்வியைப் படித்துக் கண்டுபிடியுங்கள், சமன்பாட்டை மாற்றத்துக்கு முன், பின் என்று இரண்டு முறை எழுதி ஒன்றை மற்றதால் வகுத்து, மாறாததை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் உங்களுக்கு வேண்டிய விதி. அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் அப்புறம்.

கார் டயரை எடுத்துக்கொள்வோம். காலையில் 27 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ காற்று பிடித்தீர்கள். வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டியதில் உள்ளிருக்கும் காற்று 57 டிகிரிக்குப் போய்விட்டது. இப்போது கேஜ் எவ்வளவு காட்டும்? காற்று வெளியே போகவில்லை, டயரும் அவ்வளவாக விரியாது. ஆக மோலும் கனஅளவும் அடிபட்டுப் போகின்றன. வெப்பநிலை ஏறும் அதே விகிதத்தில் அழுத்தம் ஏறும். இங்கேதான் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். வெப்பநிலையை செல்சியஸிலேயே போட்டால் 27 எங்கே, 57 எங்கே, அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகி டயரே வெடிக்கிற மாதிரி விடை வரும். 273 கூட்டிக் கெல்வினுக்கு மாற்றினால் 300-லிருந்து 330, வெறும் பத்து சதவீதம்தான். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கேஜ் காட்டுகிற 32 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள அளவு. சமன்பாட்டுக்கு வேண்டியது முழு அழுத்தம், அதாவது 32 + 14.7 = 46.7. அதை 1.1-ஆல் பெருக்கினால் 51.4. பழையபடி 14.7-ஐக் கழித்தால் கேஜில் 36.7 பிஎஸ்ஐ.

அதனால்தான் டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பார்க்கச் சொல்கிறார்கள். சூடான டயரில் 36-37 காட்டுகிறதே என்று 32-க்கு இறக்கிவிட்டால், ஆறியபிறகு அது 28 அளவுக்கு வந்து நிற்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், இதே வழிதான்.

அடுத்தது ஆக்சிஜன் சிலிண்டர். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). கனஅளவும் வெப்பநிலையும் நிலையானவை, எனவே மோலும் அழுத்தமும் சேர்ந்தே இறங்கும். கேஜ் பாதிக்கு வந்தால் வாயுவும் பாதிதான். வெளிக்காற்றின் அழுத்தத்தில் அது ஏறக்குறைய 10 × 150 = 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் போனால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். கேஜ் 50-ஐத் தொட்டால் 100 நிமிடம்தான் மிச்சம். இத்தனை உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் நல்லியல்பு வாயுவிலிருந்து, அதாவது நம் சமன்பாட்டுக்கு அச்சாக அடங்கும் வாயுவிலிருந்து, சில சதவீதம் விலகும் என்றாலும் இந்தக் கணக்குக்கு இந்தத் தோராயம் போதும். ஆனால் கடைசி நிமிடம் வரை நம்பிக் காத்திருக்காதீர்கள், மாற்று சிலிண்டரை முன்னாடியே தயாராக வையுங்கள்.

இதையே சமையல் எரிவாயு சிலிண்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே உள்ள வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும், அதனால் திரவம் தீரும்வரை அழுத்தம் பெரிதாக இறங்காது. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போடுவதுதான் வழி.

இனி ஆர். இதன் மதிப்பு நீங்கள் எடுக்கும் அலகைப் பொறுத்தது: பாஸ்கலும் கனமீட்டரும் என்றால் 8.314, வளிமண்டல அழுத்தமும் லிட்டரும் என்றால் 0.0821. இரண்டையும் கலந்தால் விடை கந்தல்தான். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் சுமார் 28,300 லிட்டர். 27 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 28,300-ஐ (0.0821 × 300)-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,150 மோல் காற்று. ஒரு மோல் காற்று 29 கிராம், ஆக மொத்தம் 33 கிலோ! காலி அறை என்று நாம் சொல்வதற்குள் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிக எடை இருக்கிறது.

இதே அறை 37 டிகிரிக்குச் சூடானால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறும் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இது டயர் இல்லை; கதவிடுக்கும் ஜன்னலும் உண்டு. இங்கே மாறாமல் நிற்பவை அழுத்தமும் கனஅளவும். அப்படியானால் மோல்தான் குறைந்தாக வேண்டும். 300-ஐ 310-ஆல் வகுத்துப் பாருங்கள்: மூன்று சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோ காற்று சத்தமில்லாமல் வெளியே போயிருக்கும்.